மைக் வெப்ஸ்டரைத் தேடிப் போனவர்களுக்கு நன்றி மடல்

சன்னி ஜானி அவர்களுக்கும், வழக்கறிஞர் பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் அவர்களுக்கும், டாக்டர் பென்னெட் ஒமாலு அவர்களுக்கும், மைக்கின் மகன் தம்பி காரெட் வெப்ஸ்டருக்கும், பெயர் வெளியே தெரியாமல் உதவிய மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

விளையாட்டில் தலைக்கு அடிபட்டவர்களைக் கவனிக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். நினைவு தடுமாறும் பழைய ஆட்டக்காரர் ஒருவரைக் குடும்பத்தார் கூட்டிவரும்போது என்ன கேட்க வேண்டும், எதைக் குறித்து வைக்கச் சொல்ல வேண்டும், எதைக் குணக்கேடு என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதில் பெரும்பகுதி, நீங்கள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலும் அதைச் சுற்றியும் செய்த வேலையிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது. அந்தக் கடனைத் தமிழ் வாசகர்கள் முன்னிலையில் சொல்லிவிட விரும்புகிறோம்.

இங்குள்ளவர்களுக்காக, மைக் வெப்ஸ்டர் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அமெரிக்கக் கால்பந்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு 1974 முதல் 1988 வரை 'சென்டர்' இடத்தில் ஆடியவர். அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் நான்கு வெற்றிகள். கடைசி இரண்டு பருவம் கான்சாஸ் சிட்டி அணியில். ஆகமொத்தம் 245 ஆட்டம். 'இரும்பு மைக்' என்று ஊரே கொண்டாடியது. சென்டரின் வேலையைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும். குனிந்து, பந்தைக் கால்களுக்கு நடுவே பின்பக்கம் கொடுத்த அந்த நொடியிலேயே, எதிரே பாய்கிற நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆளைத் தலையாலும் தோளாலும் முட்டி நிறுத்த வேண்டும். ஒரு ஆட்டத்தில் இது ஏறத்தாழ அறுபது முறை நடக்கும். பயிற்சியில் முட்டுவது தனிக் கணக்கு. ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காக்கும். ஓட்டுக்குள் நீரில் மிதக்கிற மூளை குலுங்குவதையும் திருகிக்கொள்வதையும் அதனால் நிறுத்த முடியாது. பெரும்பாலான முட்டலில் மயக்கம் வராது, தலை சுற்றாது, யாரும் ஆட்டத்தை நிறுத்தவும் மாட்டார்கள். உள்ளே நரம்பிழைகள் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இழுபடும். பதினேழு பருவம் அப்படி இழுபட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சொல்லப்படவில்லை.

ஆட்டத்தை விட்டதும் மைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனார். சேமிப்பு தவறான முதலீடுகளில் கரைந்தது, வரி கட்டாமல் நின்றது, வீடு போனது. விஸ்கான்சினில் மனைவியும் நான்கு பிள்ளைகளும். இவரோ ஒரு பழைய பிக்கப் வண்டியில் விஸ்கான்சினுக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் இடையில் போய்வந்து கொண்டிருந்தார். தூங்குவது வண்டியில், இல்லாவிட்டால் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில். வாரக்கணக்கில் எங்கே இருக்கிறார் என்ற தகவலே இருக்காது. தூக்கம் வராத ராத்திரிகளில் மின்னதிர்ச்சிக் கருவியை உடம்பில் வைத்து, மயங்கி விழுந்தாவது சில நிமிடம் கண்மூடுவார். விழுந்த பல்லைப் பசை போட்டு ஒட்டிக்கொள்வார். 1997-ல் கேண்டன் நகரில், சிறந்த கால்பந்து வீரர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தபோதே இதெல்லாம் நடந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்டவர் வீட்டைவிட்டுப் போவதை ஊர் பொறுப்பின்மை என்றுதான் பேசும். நாங்கள் பார்ப்பது வேறு. முன்மூளை பழுதானால் திட்டமிடுதல் முதலில் போகும். பெட்ரோல் போட வேண்டும், இந்தத் திருப்பத்தில் இடப்பக்கம், அங்கே போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு போன் என்ற வரிசை மனதில் நிற்காது. கிளம்பியவர் எதற்குக் கிளம்பினோம் என்பதைப் பாதி வழியில் இழந்துவிடுவார். அடுத்துப் போவது பணக் கட்டுப்பாடும் கோபக் கட்டுப்பாடும். இதில் கொடுமை என்னவென்றால், நல்ல நாளும் உண்டு. அன்றைக்குப் பழைய மனிதராகவே இருப்பார், தன் நிலை தனக்கே தெரியும், வெட்கப்படுவார். அந்த வெட்கத்திலேயே விலகிப் போவார். நேற்று நன்றாகத்தானே பேசினார், இன்றைக்கு வேண்டுமென்றே செய்கிறார் என்று வீட்டில் உள்ளவர்கள் நினைக்க அந்த நல்ல நாளே காரணமாகிவிடும்.

சன்னி ஜானி அவர்களே, பிட்ஸ்பர்க்கை ஒட்டிய மெக்கீஸ் ராக்ஸில் கடை வைத்திருந்த நீங்கள் மைக்குக்கு உறவும் இல்லை, அணிக்காரரும் இல்லை. ஆனாலும் அவர் எங்கே என்று தேடியவர்களில் நீங்கள் முதல் ஆள். தம்பி காரெட், நீங்கள் அப்போது பள்ளிப் பருவத்துப் பையன். அப்பாவோடு தங்கி, அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று பார்த்துக்கொண்டீர்கள். பிள்ளை தகப்பனுக்குத் தகப்பனாவது எவ்வளவு பெரிய சுமை என்பதை இந்த வேலையில் இருக்கிற நாங்கள் அறிவோம். காணாமல் போகும் நோயாளிக்கு மருந்துச் சீட்டைவிட முதலில் வேண்டியது மாறாத ஒரு தொலைபேசி எண்ணும், எந்த நேரத்திலும் அதை எடுக்கிற ஓர் ஆளும். எல்லா எண்ணையும் மறந்தவர்கூட பல வருடம் சுழற்றிய ஒரு எண்ணை விரல் பழக்கத்தில் சுழற்றிவிடுவார். போனை எடுத்தவர் "ஏன் போனீர்கள்?" என்று கேட்கக் கூடாது, "கண்ணுக்கு எதிரே என்ன பெயர்ப்பலகை இருக்கிறது, படியுங்கள்" என்று கேட்க வேண்டும். உங்களைப் போன்றவர்களால்தான் இந்தப் பாடத்தைக் குடும்பங்களுக்கு எங்களால் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

1999-ல், கவனத்தை ஒருமுகப்படுத்தும் ரிட்டலின் மருந்துக்குப் பொய்ச் சீட்டு எழுதிய வழக்கில் மைக் மாட்டிக்கொண்டார். அந்த மருந்து இருந்தால்தான் அவரால் ஒரு பேச்சைத் தொடங்கி முடிக்க முடிந்தது. செய்தித்தாளில் அது குற்றச் செய்தியாக வந்தது. அப்போதும் அவர் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் நன்றி.

ஃபிட்ஸ்சிம்மன்ஸ் ஐயா, மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் இருந்த உங்களிடம் 1997-ல் மைக் வந்தார். அவருக்கு உடல்நலமின்மை ஓய்வூதியம் வாங்கித் தர நீங்கள் போட்ட வழி, எங்களுக்கு இன்றும் முன்மாதிரி. சிதறிக் கிடந்த மருத்துவக் குறிப்புகளைத் திரட்டினீர்கள். மருத்துவர்களிடம் தனித்தனியாகச் சோதனைக்கு அனுப்பினீர்கள். அவர்கள் தலைக்காயத்தால் வந்த மூளைப் பழுது என்ற ஒரே முடிவுக்கு வந்தார்கள். கால்பந்து ஆட்டக்காரர்களுக்கான ஓய்வூதிய வாரியம் தன் தரப்பில் அனுப்பிய கிளீவ்லாந்து நரம்பியல் மருத்துவரும் அதையே எழுதினார். வாரியம் 1999-ல் ஓய்வூதியம் தர ஒப்புக்கொண்டது. அடுத்த வருடம் எழுதிய கடிதத்தில், கால்பந்து ஆடியபோது பட்ட தலைக்காயங்களின் விளைவு இது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது. இந்த ஆட்டங்களை நடத்தும் தேசியக் கால்பந்து லீக்கின் (NFL) நிர்வாகம் அந்தத் தொடர்பை வெளிப்படையாக ஏற்க 2016 வரை ஆனது. அந்தக் கடிதம் கோப்பில் பத்திரமாக இருந்ததற்கு நீங்கள்தான் காரணம்.

வழக்கு சிக்கியது ஒரு தேதியில். மைக் 1996 முதல்தான் வேலைக்கு லாயக்கற்றவர் ஆனார் என்றது வாரியம். ஆட்டத்தை விட்ட 1991-லேயே ஆகிவிட்டார் என்றீர்கள் நீங்கள். நடுவில் உள்ள ஐந்து வருடப் பணமும், அதைவிட முக்கியமாக, ஆட்டம்தான் அவரை முடக்கியது என்ற ஒப்புதலும் அந்தத் தேதியில் தொங்கின. இந்த இடத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தோற்கின்றன. நோய் உண்மை, ஆனால் எப்போது தொடங்கியது என்று காட்டக் காகிதம் இருக்காது. அதனால் எங்களிடம் வருகிறவர்களிடம் சொல்கிறோம்: ஒரு நோட்டு போடுங்கள். முதன்முதலாக வழி தவறிய தேதி, வேலையை விட்ட தேதி, கட்டாமல் விட்ட முதல் பில், கையெழுத்து மாறத் தொடங்கிய கடிதம், தலைவலிக்காகப் பார்த்த மருத்துவரின் சீட்டு, ஒன்று விடாமல் தேதியோடு வையுங்கள். 'ரொம்ப நாளாவே இப்படித்தான்' என்ற வாக்குமூலம் எந்த வாரியத்திலும் செல்லாது. மைக் மறைந்த பிறகும் நீங்கள் விடவில்லை. ஜானி அவருடைய சொத்தின் நிர்வாகியாக வழக்கை நடத்த, 2006 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991 என்பதையே உறுதி செய்தது.

டாக்டர் ஒமாலு, மைக் 2002 செப்டம்பர் 24 அன்று 50 வயதில் மாரடைப்பால் இறந்தார். 28ஆம் தேதி சனிக்கிழமை, அலெகெனி வட்டாரப் பிணக்கூறாய்வு அலுவலகத்தில் பணியில் இருந்தவர் நீங்கள். காரணம் இதயம் என்று எழுதிக் கோப்பை மூடியிருந்தால் யாரும் உங்களைக் கேட்டிருக்க மாட்டார்கள். மூளையை வெளியே எடுத்தபோதும் பார்வைக்குக் குறை எதுவும் தெரியவில்லை. சுருக்கமில்லை, பழைய காயத்தின் தழும்பில்லை. அங்கேயும் நிறுத்தவில்லை. மூளையைப் பாதுகாத்து ஆராய வேண்டும் என்றீர்கள். உங்கள் மேலதிகாரி, மறைந்த சிரில் வெக்ட் அனுமதித்தார். அவருக்கும் எங்கள் நன்றி.

அந்த முடிவின் அருமை தெரிய, அடுத்து நடக்கும் வேலையைச் சொல்ல வேண்டும். புதிதாக எடுத்த மூளை கட்டித் தயிர் மாதிரி, கத்தி வைத்தால் குழைந்துவிடும். அடிப்பக்க ரத்தக் குழாயில் நூலைக் கோத்து, ஃபார்மலின் வாளியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஏறக்குறைய இரண்டு வாரம் ஊறவைப்பது வழக்கம். வாளியின் அடியில் படவிட்டால் ஒரு பக்கம் தட்டையாகிப் பிறகு எடுக்கிற அளவெல்லாம் தவறாகும். இறுகியதும் துண்டு போட்டு, மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனில் சீவ வேண்டும். எந்த இடத்தில் துண்டு எடுக்கிறோம் என்பது முக்கியம்; தவறான இடத்தில் எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரும். வழக்கமான சாயம் மட்டும் போட்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது. டௌ என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் தனிச் சாயம் வேண்டும். நரம்பிழைக்குள் உள்ள நுண்குழாய்களைத் தாங்கி நிற்பது டௌ. இழை மறுபடி மறுபடி இழுபட்டால் அது கழன்று, ஒன்றோடொன்று சிக்கி, பழுப்பு நிற முடிச்சாக ஸ்லைடில் தெரியும். குத்துச்சண்டைக்காரர்களின் தடுமாற்றத்தை ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதியிருந்தார். கால்பந்து வீரர் ஒருவரின் மூளையில் அந்த வகைச் சிதைவை, இன்றைக்கு சி.டி.இ. (CTE) என்று சொல்லும் நோயை, உலகுக்குக் காட்டியது நீங்கள். அரசுச் செலவில் முடியாததற்குச் சொந்தப் பணம் போட்டீர்கள். பொறுமையாகச் சீவி, சாயமேற்றி, ஸ்லைடு தயாரித்துக் கொடுத்த ஆய்வகப் பணியாளர்களை இந்தக் கதையைச் சொல்கிற பலரும் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் கை நடுங்கியிருந்தால் எதுவும் இல்லை.

2005 ஜூலையில் 'நியூரோசர்ஜரி' இதழில் கட்டுரை வந்தது. லீக்கின் குழுவைச் சேர்ந்த மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். இதழ் திரும்பப் பெறவில்லை. அடுத்த வருடமே இன்னொரு ஸ்டீலர்ஸ் வீரர் டெர்ரி லாங்கின் மூளை பற்றிய கட்டுரையையும் அச்சிட்டது. அந்த இதழாசிரியர்களுக்கும், உங்களோடு நின்ற நரம்பு அறுவை மருத்துவர் ஜூலியன் பெய்ல்ஸ் அவர்களுக்கும் நன்றி. பின்னால் பழைய ஆட்டக்காரர்கள் லீக்கின் மீது போட்ட வழக்குகளும் அதில் வந்த இழப்பீடும் அமெரிக்காவில் ஊரறிந்தவை.

மைக்கின் மனைவியாக இருந்த பாம் அம்மாவுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மணமுறிவு நடந்த அதே வருடம் மைக் இறந்தார். நோயின் பெயர் உங்கள் கைக்கு வந்தபோது அவர் இல்லை. வீட்டுக் கடன், நான்கு பிள்ளைகளின் சாப்பாடு, வராத மனிதருக்காகக் காத்திருந்த ராத்திரிகள், எல்லாவற்றையும் காரணம் தெரியாமலே சுமந்தீர்கள். அப்போது கோபப்பட்டது உங்கள் குற்றமே இல்லை. உயிரோடு இருக்கும் ஒருவருக்கு இந்த நோய் உண்டென்று உறுதியாகச் சொல்லும் சோதனை இன்றுகூடக் கிடையாது; ஸ்கேன் சாதாரணமாகவே வரலாம். பிறகு நீங்களும் பிள்ளைகளும் வீட்டுக்குள் நடந்ததை வெளிப்படையாகப் பேசினீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டபின், எங்களிடம் வரும் மனைவிமாரிடம் "உங்கள் வீட்டுக்காரர் உங்களை வெறுக்கவில்லை அம்மா, இது நோயாக இருக்கலாம்" என்று சீக்கிரமே சொல்கிறோம்.

தம்பி காரெட், பிறகு நீங்கள் மூளைக்காய ஆராய்ச்சி நிறுவனத்துக்காக, இறந்த ஆட்டக்காரர்களின் வீடுகளுக்கு போன் செய்து மூளையைக் கேட்கிற வேலையை ஏற்றீர்கள். அதைவிடக் கடினமான போன் அழைப்பு இருக்க முடியாது. தாமதிக்கவும் முடியாது: உடல் குளிர்ப்பெட்டிக்குப் போக வேண்டும், அடக்கத்துக்கு முன் மூளையை எடுத்தாக வேண்டும், சட்டப்படி வாரிசின் ஒப்புதல் வேண்டும், முகம் பார்க்க வருகிறவர்களுக்கு எந்த அடையாளமும் தெரியாது என்று விளக்க வேண்டும். இத்தனையும் அழுதுகொண்டிருப்பவரிடம். உங்கள் போனை எடுத்து, கேட்டு, சம்மதம் சொன்ன ஒவ்வொரு குடும்பத்துக்கும் எங்கள் நன்றியைத் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
விளையாட்டுத் தலைக்காயப் பணியில் உள்ள நாங்கள்