நாளைக்கு அசெம்பிளியில் பேசப்போகிற பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி உன் அம்மா போன் செய்தாள். உங்கள் பள்ளிப் பையன்கள் இரண்டு பேர் ஆற்றோடு போய் ஐந்து நாளாகிறது, நாளைக்குப் பள்ளி திறக்கிறார்கள், பள்ளி மாணவர் தலைவி (எஸ்.பி.எல்) என்பதால் உன்னை நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள், நீ எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறாய் என்றாள். உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன், உன் நிலைமையில் வேறு ஊரிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.

பேச்சைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னதாகப் பேசு. இரண்டு பேருடைய பெயரையும் சொல்லு, உனக்குத் தெரிந்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லு, போதும். ஏன் போனார்கள், யார் கூப்பிட்டுப் போனார்கள் என்ற பேச்சே வேண்டாம். அவர்களோடு போய்க் கரையேறி வந்த பையனும் அந்த வரிசையில்தான் நிற்பான். ஊரே அவனைத்தான் பார்க்கும்.

உன் அம்மாவும் நானும் நாகப்பட்டினத்தில் பிளஸ் டூ படித்த வருஷம் 2004. அந்த வருஷம் எங்களுக்கு ஜூலையிலேயே இருட்டிவிட்டது. ஜூலை 16, கும்பகோணத்தில் பள்ளியில் தீ, 94 குழந்தைகள். அதற்கப்புறம் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளைப் பிரித்தார்கள், எங்கள் பள்ளியில் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையைக்கூட விடவில்லை. டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு லீவு, காலையில் கடல் வந்தது, சுனாமி. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் போனார்கள். ஜூலையில் தஞ்சாவூர் கலெக்டராகக் கும்பகோணத்தில் நின்ற ராதாகிருஷ்ணன்தான் எங்கள் மாவட்டத்துக்கும் கலெக்டராக வந்தார்.

ஜனவரியில் பள்ளி திறந்தபோது எங்கள் வகுப்பில் மூன்று பேர் இல்லை. நான் கிளாஸ் லீடர், ஸ்டாஃப் ரூமிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்து வருவது என் வேலை. வராந்தாவில் நின்று திறந்து பார்த்தேன். ஜனவரிப் பக்கத்துக்கு டீச்சர் லீவுக்கு முன்பே பெயரெல்லாம் எழுதி வைத்துவிட்டிருந்தார், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அவருடைய அழகான கையெழுத்தில், அந்த மூன்று பெயரும் சேர்த்து. அடித்துவிடட்டுமா டீச்சர் என்று கேட்டேன். "இந்த மாசம் இருக்கட்டும்டி" என்றார். மாசம் முழுக்க அந்தப் பெயர்களையும் படித்தார், மற்றவர்களுக்கு எவ்வளவு நேரம் நிற்பாரோ அவ்வளவு நேரம் நின்றார், அப்புறம் அடுத்த பெயர். முதல் வாரம் எல்லோரும் அழுதோம். பிப்ரவரிப் பக்கத்தில் அந்தப் பெயர்கள் இல்லாதபோது எங்களால் தாங்க முடிந்தது. உங்கள் டீச்சர்கள் என்ன செய்வார்களோ தெரியாது, ஆனால் பெயரையும் பெஞ்சையும் முதல் நாளே அவசரமாக எடுத்துவிட வேண்டாம் என்று நீ போய்க் கேட்கலாம். நீ கேட்டால் கேட்பார்கள்.

அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கமிருந்து வந்த பிள்ளைகளுக்கு நோட்டு, யூனிஃபார்ம் எதுவுமே மிஞ்சவில்லை. புத்தகம் புதிதாகக் கொடுத்தார்கள். ரெக்கார்டு நோட்டை யார் கொடுப்பார்கள்? பிராக்டிகல் நெருங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் கார்பன் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எல்லோருமாக எழுதினோம், விரலெல்லாம் நீலம். உன் அம்மா படம் நன்றாக வரைவாள், பூவின் நெடுக்குவெட்டை எத்தனை பேருக்கு வரைந்து கொடுத்திருப்பாளோ, கேட்டுப் பார். ஆறுதல் சொல்ல வந்த பெரியவர்களிடம் வாயே திறக்காத பிள்ளைகள் அங்கே தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே தானாகப் பேசினார்கள். கை வேலையாக இருந்தால் வாய் திறக்கும் பாப்பா, இதை நான் அங்கேதான் பார்த்தேன். கரையேறி வந்த அந்தப் பையனிடம் போய் "எப்படி இருக்கே" என்று கேட்காதே. இரங்கல் கூட்டத்துக்கு நாற்காலி போடக் கூப்பிடு, பக்கத்தில் நின்று நீயும் போடு.

அந்த ரெக்கார்டு எழுதும்போதுதான் ஒருத்தி என்னிடம் சொன்னாள். தம்பியைக் கையில்தான் பிடித்திருந்தாளாம், நழுவிவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாள். நானும் ஒரு மாசம் சொல்லவில்லை. அவள் தூங்கவில்லை, மெலிந்துகொண்டே போனாள், அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் தூக்கம் போனது. எனக்குப் பதினேழு வயது, அதைச் சுமக்க எனக்கு என்ன தெரியும்? கடைசியில் டீச்சரிடம் போய் அழுதுகொண்டே கொட்டினேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து ஆட்கள் வந்து பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது, டீச்சர் அவளை அப்படிப் பயிற்சி எடுத்த ஒரு அக்காவிடம் கூட்டிப் போனார். மெதுவாகத் தேறினாள். அந்த ஒரு மாசத்தை நான் வீணாக்கியிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். அதனால் யாராவது "நான் மட்டும் ஏன் தப்பிச்சேன்" என்றோ, செத்துப் போகலாம் போல இருக்கிறது என்றோ உன்னிடம் சொன்னால் அன்றைக்கே ஒரு டீச்சரிடம் சொல்லிவிடு. சத்தியம் போனால் போகட்டும். மனநல உதவிக்கு 14416, எந்த நேரத்திலும் எடுப்பார்கள், பிள்ளைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. இரண்டு எண்ணையும் நோட்டீஸ் போர்டில் நீயே எழுதிப் போடு.

இன்னொன்று. அப்போது எங்களைப் படுத்தியது புரளி. டிசம்பர் 30-ம் தேதி மறுபடி அலை வரலாம் என்று எச்சரிக்கை வந்து கரையோரமே ஓடியது, அலை வரவில்லை, ஆனால் பயம் தங்கிவிட்டது. ரோட்டில் கனமான லாரி போனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மாடிப்படிக்கு ஓடிவிடுவார்கள், லீடர்கள் நாங்கள் முறை வைத்துப் படியில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டோம். உங்களுக்கு அந்த இடத்தில் வாட்ஸ்அப் இருக்கிறது. பையன்களை ஆற்றிலிருந்து தூக்கும் வீடியோ பிள்ளைகளின் குரூப்பில் சுற்றுவதாக உன் அம்மா சொன்னாள். மற்ற லீடர்களைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு குரூப்பிலும் அழிக்கச் சொல்லுங்கள், கெஞ்சியாவது சொல்லுங்கள். அவர்களுடைய தங்கச்சிகள் கையிலும் போன் இருக்கிறது.

பேசும்போது அழுகை வந்தால் நிறுத்திவிடு. தாளைப் பக்கத்தில் இருக்கிறவளிடம் கொடு, அவள் படிப்பாள், அதற்கு இன்றைக்கே ஒருத்தியிடம் சொல்லி வை.

உன் அம்மா ரசம் வைத்திருப்பதாகச் சொன்னாள். கொஞ்சமாவது சாப்பிட்டுவிட்டு என்னைக் கூப்பிடு, எத்தனை மணியானாலும் எடுக்கிறேன்.

சித்தி