நோட்டுப் புத்தகத்தில் ஒரு கையெழுத்து

மக்களே,

உன் ஆலையில் சங்கம் தொடங்கப் போவதாக ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "வீட்டுக்கடன் இருக்கும்போது இவனுக்கு எதற்கு இந்த வம்பு?" என்று திண்ணையில் உட்கார்ந்து முணுமுணுக்கிறார். பயம் எனக்கும் இருக்கிறது.

கருங்கல் பக்கத்து அண்டி ஆபீசில் 22 வருடம் முந்திரிக் கொட்டை உடைத்தவள் நான். உடைக்கும்போது கொட்டையின் தோட்டில் (ஓட்டில்) இருக்கும் எண்ணெய் தெறிக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் விரல் கறுத்துத் தோல் உரியும். அந்தக் கையால் ஊட்டினால் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய், நினைவிருக்கிறதா? உடைத்த தோடு லாரியில் போகும். அதன் எண்ணெய் பெயின்டுக்கும் வண்டிகளின் பிரேக்குக்கும் போகிறது என்று ஒருநாள் லாரிக்காரர்தான் சொன்னார். எந்த வண்டிக்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நீ லேத்தில் கடையும் இரும்பு யாருடைய பீரங்கிக்குப் போகிறது என்று நீ கேட்டுவிட்டாய். போரால் உங்கள் ஆலைக்கு ஆர்டர் கூடியதாம், லாபமும் கூடியதாம், உங்களுக்குக் கூடியது வேலை நேரம் மட்டும். சங்கம் என்று வாய் திறந்தால் வெளியே போ என்கிறார்களாம். நல்ல நியாயம்!

2024 பிப்ரவரியில், இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கைத் தொடமாட்டோம் என்று நம் நாட்டுத் துறைமுகத் தொழிலாளர் சம்மேளனம் அறிவித்தது. 11 பெரிய துறைமுகங்களின் தொழிலாளர்கள் அதில் இருக்கிறார்கள். தனி ஆளாக ஒருவர் கிரேனை நிறுத்தியிருந்தால் மறுநாளே அந்த இடத்தில் வேறொருவர் நின்றிருப்பார். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவானது.

ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆலையில் பத்தில் ஒரு பங்குத் தொழிலாளர்களோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். அதனால் கேட்டில் கோஷம் போடுவதற்கு முன்னால் ஆளைச் சேர். ஒப்பந்தத் தொழிலாளர்களை விட்டுவிடாதே, முதலில் வெளியேற்றப்படுவது அவர்கள்தான்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. எங்கள் ஆபீசில் உடைந்த பருப்புக்கென்று எடையில் கழிப்பார்கள். பக்கத்தில் உட்காரும் அக்கா அதைக் கேட்க ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினாள். "நாளைக்குப் போடுகிறேன்" என்றேன். மறுநாள் அவளை மட்டும் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு அவள் வீட்டு வழியே போகக் கூசி, ரொம்ப நாள் குளத்தைச் சுற்றிக்கொண்டுதான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

மேலாளர் அறைக்குத் தனியாகப் போகாதே. எதில் கையெழுத்துப் போட்டாலும் நகல் வைத்துக்கொள். நேந்திரங்காய் வறுத்து வைத்திருக்கிறேன், ஊர்க்காரர் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இதுவரை எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று எழுது. அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அம்மா