வாழைமர நோட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போனில் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

மச்சில் எலி புகுந்துவிட்டதென்று தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினோம். அடியில் அந்த ஜப்பான் நோட்டுக் கட்டு அப்படியே இருக்கிறது. சின்ன வயதில் கடை வைத்து விளையாடுவாயே, அதேதான். பத்து டாலர் நோட்டில் வாழைமரம். களக்காட்டில் ஏத்தன் வாழை போடுகிற எனக்கே அது என்ன ரகமென்று பிடிபடவில்லை. கேட்டால் பணம் தருவதாக ஜப்பான் அரசாங்கம் இங்கிலீஷில் வாக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் வரிசை எண் கிடையாது, 'எம்' என்று தொடங்கும் எழுத்து மட்டும். எண் போடாத நோட்டுக்கு யார் கணக்கு வைப்பது? அச்சடித்துத் தள்ளினார்கள். விலை ஏற ஏற இன்னும் அடித்தார்கள்.

மலேயாவில் தாத்தா வேலை பார்த்த பினாங்கு 1941 டிசம்பரில் ஜப்பான்காரர்கள் கைக்குப் போனது. அதிலிருந்து தாத்தாவுக்குச் சம்பளம் இந்தக் காகிதம்தான். 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்து, செல்லாது என்றுவிட்டான்.

அப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். கப்பல் மறுபடி ஓடியும் அவர் வரவில்லை. நிலம் வாங்குவேன் என்று சொல்லிப் போனவர், வெறுங்கையோடு எப்படி வருவது என்று கடுதாசிகூடப் போடவில்லை. சயாமில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போடப் போனவர்கள் செத்த கதைதான் ஊருக்கு வந்துகொண்டிருந்தது. ஆச்சி எதை நம்புவாள்? 1949ல் வந்து வாசலில் நின்றவரிடம், "நான் ரூவாயா கேட்டேன்?" என்றவள், இரண்டு நாள் பேசவில்லையாம்.

உன் கூட்டாளியை வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். உன்னைப் பற்றி ஏதோ சொல்ல வந்தவன், பஸ் வந்துவிட்டதென்று ஏறிக்கொண்டான். அது அவன் ஊர் பஸ்ஸே இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

நம் தெருவில் முதல் என்ஜினியர் நீ. டீக்கடையில் அதைச் சொல்லாமல் எழுந்து வந்ததில்லை நான். அப்படிப்பட்டவனுக்கு அம்மாவிடம் பேச நேரமில்லையா?

இந்த மாதமும் பணம் அனுப்ப வேண்டாம். வாழை வெட்டினால் இங்கே கையில் காசு இருக்கும். வேளாவேளைக்குச் சாப்பிடு. வட்டிக்கு மட்டும் வாங்காதே. பொங்கலுக்கு வந்துவிடு, டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். எவ்வளவு ஆகும் என்று எழுது. போனில் சொல்லாதே, அம்மாதான் எடுப்பாள்.

அப்பா