ஃபார்மட் செய்யக் கொடுத்துவிடாதே

அன்புள்ள ராமநாதனுக்கு,

இங்கு அனைவரும் நலம். கல்யாணத்திற்கு வராததற்கான திட்டுகளை நேரில் வாங்கிக்கொள்கிறேன். மாடிவீட்டுக்காரரும் தம் பங்குக்குத் திட்டத் தயாராக இருப்பார் என்று தெரியும்.

உன் கணினி, கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு, உள்ளே விடாமல், மறுபடியும் நுழைவுத் திரையையே காட்டுகிறது என்றும், பொங்கல் கழிந்ததும் ஃபார்மட் செய்யக் கடையில் கொடுக்கப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். தயவுசெய்து கொடுக்காதே. இதே தொல்லையைக் கோடை முழுவதும் நானும் அனுபவித்தேன். இங்கும் கடைக்காரர் கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல், 'ஃபார்மட் அடித்துவிடலாம் சார்' என்றுதான் சொன்னார். எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

வழி காட்டியவள் உன் மருமகள்தான். நம் இருவர் கணினியிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவளாயிற்றே என்று தொலைபேசியில் அழைத்தேன். அவள் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "கடவுச்சொல் தவறு என்று திரையில் வருகிறதா, அல்லது ஒன்றும் சொல்லாமல் ஒரு கணம் கறுத்துவிட்டுத் திரும்பி வருகிறதா?" அதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. விசைப்பலகை தமிழ் 99 என்னும் தமிழ்த் தட்டச்சு முறையில் நின்றுவிட்டிருந்தால் தவறு என்ற அறிவிப்பு வந்திருக்கும். சத்தமின்றித் திரும்புகிறது என்றால் கடவுச்சொல்லை அது ஏற்றுக்கொண்டுவிட்டது; அதன்பின் உன் மேசைத்திரையைத் தொடங்க முயன்று தோற்றுவிடுகிறது என்று பொருள்.

நுழைவுத் திரையில் இருக்கும்போதே கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னாள். கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள் தோன்றும். அங்கே பெயரைக் கொடுத்துவிட்டுக் கடவுச்சொல்லை அடிக்கும்போது புள்ளிகூடத் தெரியாது. பயப்படாமல் அடித்து என்டரைத் தட்டு. என் கணினி அங்கே மறுப்பின்றி உள்ளே விட்டது. வட்டில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையை, டிஎஃப் (df), ஓர் இடைவெளி, சிறுகோடு, எச் (h) என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடித்தேன். வட்டின் பட்டியலில், தனிச் சாய்கோடு போட்டிருந்த வரியில் 100% என்று இருந்தது; அதாவது வட்டு முழுக்க நிரம்பிவிட்டது. எழுத்துத் திரையில் நுழைவதற்குக் கோப்பு எதையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. மேசைத்திரை தொடங்கவோ, உன் சொந்தக் கோப்புகள் இருக்கும் வீட்டு அடைவில் எக்ஸ்-அத்தாரிட்டி (.Xauthority) என்னும் சிறு கோப்பை எழுதியாக வேண்டும். இடமில்லாததால் எழுத முடியாமல் திரும்பிவிடுகிறது.

வேண்டாதவற்றை அழித்ததும் கதவு திறந்தது. சில நாட்களில் மறுபடியும் அடைத்துக்கொண்டது. இதுதான் என்னை வாட்டியது. காரணம் டைம்ஷிஃப்ட். கணினியின் அமைப்பைக் குறித்த கால இடைவெளியில் படியெடுத்து வைக்கும் அந்தச் செயலி, படிகளை அதே வட்டிலேயே சேர்த்துக்கொண்டிருந்தது. நான் மிச்சப்படுத்திய இடத்தையெல்லாம் அடுத்த படியும் புதுப்பிப்புகளும் விழுங்கிக்கொண்டிருந்தன. பழைய படிகளை டைம்ஷிஃப்ட் வழியாகவே நீக்கி, எத்தனை படிகள் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணிக்கையைக் குறைத்தோம். அதன்பின் தொல்லை இல்லை. படிகளை வெளி வட்டுக்கு மாற்றுவது இன்னும் நல்லது. ஆனால் அந்த வட்டு ஈஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் வடிவில் இருக்க வேண்டும்.

உன் கணினியிலும் இதேதான் என்று சாதிக்க மாட்டேன். வட்டில் இடம் இருந்தால், அந்த எக்ஸ்-அத்தாரிட்டி கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளையைப் போட்டு ஏதாவது வரைகலைச் செயலியைத் திறந்திருந்தால், அந்தக் கோப்பு ரூட் என்னும் நிர்வாகியின் பெயருக்கு மாறியிருக்கலாம். அப்போதும் இப்படியேதான் திரும்பும். உரிமையை உன் பெயருக்கு மாற்றினால் போதும்.

ராமநாதா, அந்தக் கணினியில் அம்மா பாடிய ஒப்பாரிகளும், மேலத்தெரு ஆத்தாக்களின் தாலாட்டுகளும் இருக்கின்றன. ஃபார்மட் செய்தால் அத்தனையும் அழிந்துவிடும். பாடியவர்களில் பலர் இன்று இல்லை. ஒலிநாடாக்களும் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன என்று நீயே சொன்னாய். டைம்ஷிஃப்ட் அவற்றைக் காத்து வைத்திருக்கும் என்று நம்பிவிடாதே: நாமாக மாற்றாத வரை அது வீட்டு அடைவை விட்டுவிட்டு அமைப்பை மட்டுமே படியெடுக்கும். ஆகவே பழுது பார்ப்பதற்கு முன்பே, மின்ட் நிறுவிய பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, எதையும் நிறுவாமல், பாடல்களை வெளி வட்டில் நகலெடுத்துவிடு. அந்தப் பென் டிரைவ் உன் மருமகளிடம் இருக்கிறது. கேட்டுவிட்டேன், கூரியரில் அனுப்புகிறாள்.

நகலெடுத்து முடித்ததும், டிஎஃப் காட்டும் திரையைக் கைபேசியில் படம் பிடித்து எனக்கும் அவளுக்கும் அனுப்பு. அதைப் பார்த்த பிறகு எதை நீக்கலாம் என்று சேர்ந்து முடிவு செய்வோம். கடைக்காரரிடம் அவசரமில்லை என்று இன்றே சொல்லிவிடு.

அன்புடன்,
சுந்தரம்