தாராவி தோல் பட்டறைக்காரர்களுக்கு: ஒரு வாஷர் செய்து தர முடியுமா?

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் பாய்மாருக்கும்,

வணக்கம். மாட்டுங்காவிலிருந்து எழுதுகிறேன். பை, பெல்ட், ஜாக்கெட் எதுவும் எனக்கு வேண்டாம். பம்ப் ஸ்டவ்வின் பிஸ்டன் முனையில் உட்காருமே, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக ஒரு தோல் வாஷர், அதுதான் வேண்டும்.

சோர் பஜாரில் வாங்கிய பழைய ஸ்வீடன் ஸ்டவ் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். மலையேறுகிறவர்கள் கழற்றி மடக்கிக் கொண்டுபோகும் பித்தளை ஸ்டவ். 1892-ல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் என்ற மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வின் வம்சம். கேஸ் கேனில் இருக்கும் பியூட்டேன், குளிர் பூஜ்யம் டிகிரியை நெருங்கினால் ஆவியாக மறுக்கும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு அந்தத் தொல்லை இல்லை. அழுத்தத்தை நம் கையே கொடுத்துவிடுகிறது.

பர்னர் கரியைச் சுரண்டியாயிற்று, நிப்பிளில் பின் போட்டுக் குத்தியாயிற்று. பம்ப் குழாயின் அடியில் இருக்கும் ஒருவழி வால்வு மட்டும் அடம்பிடித்தது. பித்தளை மெத்தென்ற உலோகம். அவசரப்பட்டு முறுக்கினால் தலை முறிந்து உள்ளேயே தங்கிவிடும். எண்ணெய் விட்டு ஊறவைத்து நீளச் சாவியால் மெல்ல அசைத்ததில் கழன்றது. உள்ளே இருந்த ரப்பர் பொட்டு கல்லாக இறுகி, நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளம் வழியாகத்தான் மண்ணெண்ணெய் குழாய்க்குள் ஏறி, தோல் வாஷரின் எண்ணெய்ப் பசையை எல்லாம் கழுவிவிட்டிருக்கிறது. பொட்டை மாற்றிவிட்டேன். வாஷர்தான் காய்ந்து சுருங்கிப் போய்விட்டது. எத்தனை அடித்தாலும் காற்று பக்கவாட்டில் நழுவுகிறது.

கடைகளில் கேட்டால் ரப்பரில் தருகிறார்கள். சாதா ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறினால் உப்பி, பம்ப் கம்பியை நகரவே விடாது. தோல் என்று கொடுப்பதோ அட்டை மாதிரி தட்டையாக இருக்கிறது. வாஷர் கிண்ண வடிவில் குழிந்திருக்க வேண்டும். அழுத்தும்போது விளிம்பு விரிந்து குழாயைக் கவ்வும், இழுக்கும்போது சற்றே சுருங்கிக் காற்றை உள்ளே விடும். பம்பின் சூட்சுமமே அந்த விளிம்பில்தான்.

உங்களிடம் குரோம் உப்பில் பதனிட்ட தோல்தான் அதிகம் புழங்குகிறது. அதை நனைத்து அழுத்தினால் வடிவம் நிற்காது. ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று மரச்சாற்றில் பதனிட்ட தோல்தான் சரி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இங்கே தோல் பதனிட்ட குடும்பங்களுக்கு நான் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது பெரிய காரியமில்லை. பெல்ட் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகள் போதும். தண்ணீரில் ஊறவைத்து, சின்ன அச்சில் அழுத்தி, காயவிட்டு, விளிம்பை நறுக்கி, நடுவில் துளையிட்டு, எண்ணெயில் போட்டால் முடிந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்திருப்பவர்களும் இப்படி ஒரு தோலைத்தான் தேடுகிறார்கள், அளவுதான் வேறு. அதனால் நாலைந்து அளவில் அச்சு செய்து வையுங்கள். அளவு போட்டு விற்றால் இன்னும் நல்லது. 'எல்லாத்துக்கும் பொருந்தும்' என்று சொல்லிக் கொடுக்கிற வாஷர் எதற்கும் பொருந்துவதில்லை.

யாராவது ஒருவர் சரி என்று சொன்னால், அளவெடுக்கப் பம்ப் குழாயையும் கம்பியையும் கொண்டு வருகிறேன். அச்சு செய்கிற செலவை முன்பணமாகவே தந்துவிடுகிறேன். பண்டிகை ஆர்டர் நெருக்கடி முடிந்த பிறகு செய்தால் போதும், அவசரமில்லை.

அன்புடன்,
மாட்டுங்காவிலிருந்து ஒரு ஸ்டவ் பைத்தியம்