டிசம்பர் 26: அந்தக் கேள்வி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்தாலே எங்கள் கடற்கரை ஊர்களுக்கு மைக்கும் கேமராவுமாக ஆட்கள் வர ஆரம்பித்துவிடுகிறார்கள். 2004 சுனாமியில் குமரி மாவட்டத்தில் மட்டும் சுமார் 800 பேர் போனார்கள், குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று எங்கே போனாலும் ஆளைப் பறிகொடுத்த வீடு இருக்கும். வருகிறவர்களைத் தப்பு சொல்லவில்லை. ஆனால் "அலை வந்தப்ப எப்படி இருந்துச்சு?" என்ற அந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை.

என் சித்தி இரண்டு பிள்ளைகளையும் அன்றைக்குப் பறிகொடுத்தவர். போன வருசம் ஒரு சேனல்காரர்கள் வந்து, கை எப்போது நழுவியது, மகன் கடைசியாக என்ன சொல்லிக் கத்தினான் என்றெல்லாம் கேட்டு, சத்தம் சரியாகப் பதிவாகவில்லை என்று திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வைத்தார்கள். சித்தியும் சொன்னார், வீடு தேடி வந்தவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வராது. அவர்கள் போய்விட்டார்கள். சித்தி புது வருசம் பிறந்தும் சரியாகத் தூங்கவில்லை, சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார்.

நினைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. வருசா வருசம் நாங்களே பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். அன்றைக்குச் சித்தி தானாகவே பேசுவார், சின்னவளுக்கு அவித்த மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் கறியும் இருந்தால் போதும், வேறொன்றும் கேட்க மாட்டாள் என்று. சொல்லிக்கொண்டே சிரிக்கவும் செய்வார்.

கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. அன்று ஓடியவர்களில் பலர் கடற்கரையை ஒட்டி ஓடும் ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயைத் தாண்ட முடியாமல் அதிலேயே சிக்கினார்கள், மணக்குடியில் பாலமே அடித்துக்கொண்டு போனது. எந்த வழியாக ஓடினீர்கள், எங்கே அடைத்துக்கொண்டது என்று கேளுங்கள், அப்புறம் அந்த வழியெல்லாம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று அதிகாரிகளிடம் போய்க் கேளுங்கள். 2017 ஒக்கி புயலில் ஆளை இழந்த தூத்தூர், வள்ளவிளை வீடுகளுக்கும் இதேதான். அங்கே பலருக்கு உடல்கூடத் திரும்பி வரவில்லை, அவர்களிடம் போய்க் கடைசி நேரத்தைப் பற்றி என்ன கேட்பது?

உங்கள் நிருபர்களுக்காவது சொல்லுங்கள். பேச விருப்பமா என்று முதலில் கேட்கட்டும், வேண்டாம் என்றால் விட்டுவிடட்டும். பிள்ளைகளின் படத்தை வீட்டாரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், பெயரையும் பிழையில்லாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குளச்சல்