மழைநீர்த் தொட்டி பெயருக்கு இருந்தால் போதாது

ஆசிரியருக்கு,

சென்னையில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் பல வீடுகளில் தொட்டி இருந்தும் தண்ணீர் நிலத்துக்குள் இறங்குவதில்லை. ஜல்லிக்கு மேலுள்ள மணலில் வண்டல் படிந்து மெழுகிவிட்டது போல ஆகிவிடுகிறது. செப்டம்பருக்குள் மேல்மணலை அள்ளிவிட்டுப் புது மணல் போட வேண்டும். ஜல்லியைக் கழுவிப் போட்டாலே போதும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்ற மாடிக் குழாயில் தனி வால்வு அவசியம்.

100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர் விழும். இதைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்திருப்பவர்கள் தயவுசெய்து உடனே துண்டியுங்கள். பெருமழையில் ஆள்நுழைவுக் குழிகள் பொங்குவதற்கு இதுவும் காரணம். பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான இடங்களில் சாதாரணக் குழியே போதும். களிமண் பகுதிகளில் களிமண் அடுக்கைத் தாண்டித் துளையிடாவிட்டால் செலவுதான் மிச்சம்.

மக்களால் செய்ய முடிந்தது வீட்டு வாசலோடு முடிந்துவிடுகிறது. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. வடிகாலில் யாரோ திருட்டுத்தனமாகக் கழிவுநீரை இணைத்தால், வடிகால் நீரை மண்ணுக்குள் இறக்கும் தெருவோர உறிஞ்சு கிணறு வழியாக அது நிலத்தடி நீரில் கலக்கும். இரு துறையினரும் குடியிருப்போர் நலச்சங்கங்களை உடன் வைத்துக்கொண்டு, வார்டு வார்டாக ஒன்றாக ஆய்வு செய்ய வேண்டும். தூர்வாரிய சேற்றை வடிகால் ஓரத்திலேயே குவிக்காமல் அன்றே லாரியில் ஏற்றுங்கள். விட்டுவைத்தால் அடுத்த மழையில் அது மறுபடி உள்ளேதான் போகும்.

- குடியிருப்போர் நலச்சங்கத்தினர், சென்னை